மடை திறக்கும் நாள்: ராமநாதபுரத்துச் சிறு விவசாயியின் நீர்க்கணக்கு

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் மழை பெய்கிறது. தமிழ்நாட்டின் சராசரியைவிட இது குறைவு, ஆனால் பாலைவன மழை அல்ல. ஒரு ஏக்கரில் 800 மில்லிமீட்டர் விழுந்தால் அது 32 லட்சம் லிட்டர். இவ்வளவு மழை பெறும் சீமைக்குத்தான் ‘தண்ணியில்லாக் காடு’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. அரசு ஊழியர்களை இடமாற்றம் செய்வதாக மிரட்டுவதற்கு ஒரு காலத்தில் இந்தப் பெயரே போதுமாக இருந்தது.

மழை விழும் முறையில்தான் சிக்கல் இருக்கிறது. ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் சில அடைமழைகளாகக் கொட்டித் தீர்ந்துவிடும். ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவே இருபது நாள் வெயில் காயும். நெல் பொதி கட்டும் நேரத்தில் அந்த இருபது நாள் வந்துவிட்டால், அதற்கு முன் எவ்வளவு பெய்திருந்தாலும் பதர்தான் மிஞ்சும். சில ஆண்டுகளில் மழை அடியோடு பொய்ப்பதும் உண்டு. 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. ஆனால் அப்படிப்பட்ட ஆண்டுகளைவிட, மழை பெய்தும் விளையாத ஆண்டுகளே இங்கே சிறு விவசாயியை அதிகம் முறித்துப் போட்டிருக்கின்றன.

தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் கீழே. விவசாயிகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் சிறு, குறு விவசாயிகள். அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ கடைமடையில் வைத்திருப்பவருக்கு, கண்மாயில் எத்தனை கன அடி நிற்கிறது என்பது இரண்டாவது கேள்விதான். அந்தத் தண்ணீர் எந்த நாளில் தன் வயலுக்கு வரும், யார் சொன்னால் மடை திறக்கும் என்பதே அவருக்கு முதல் கேள்வி. நூற்றைம்பது ஆண்டுகளாக நாம் தீட்டிய திட்டங்களில் பெரும்பாலானவை இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு முதல் கேள்வியை விட்டுவிட்டன என்பதுதான் என் கருத்து.

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் இருப்பதாக அரசுக் கணக்கு சொல்கிறது. அவற்றில் கணிசமானவை பழைய ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் உள்ளன. நிலம் மேற்கிலிருந்து கடலை நோக்கி மிக மெல்லச் சரிவதால், ஒரு கண்மாயின் கலுங்கில் வழியும் நீர் அடுத்த கண்மாய்க்கு வரத்தாகிறது. இப்படி ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொடர்கள் போகின்றன. ஆறுகூட இங்கே கண்மாய்க்குள் அடக்கம். வைகை மற்ற ஆறுகளைப் போல நேரே கடலில் போய் விழுவதில்லை. ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் முடிகிறது. ராஜசிங்கமங்கலம் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்பார்கள். ஒரே மூச்சில் நாரையால் கடக்க முடியாத அளவுக்கு நீண்ட கரை, அதில் நாற்பத்தெட்டு மடைகள்.

இந்தத் தொடரின் நுணுக்கத்தைக் காணப் பழைய கலுங்கு ஒன்றின் மேல் போய் நிற்க வேண்டும். தளத்தின் மீது ஒரு முழ இடைவெளியில் குத்துக்கற்கள் வரிசையாக நடப்பட்டிருக்கும். வெள்ளக் காலத்தில் அவற்றுக்கு இடையே தண்ணீர் தாராளமாக வழியும். பருவமழை ஓயும் தறுவாயில், இனி பெருவெள்ளம் வராது என்று தெரிந்த பிறகு, அந்த இடைவெளிகளை வைக்கோலும் களிமண்ணும் புல்கரணையும் வைத்து அடைப்பார்கள். கண்மாயில் கூடுதலாக ஓரடி நிற்கும். அகலமான, ஆழமில்லாத கண்மாயில் அந்த ஓரடிதான் ஒரு தண்ணீரா இரண்டு தண்ணீரா என்பதைத் தீர்மானிக்கும். அதே ஓரடி கீழூரின் வரத்தையும் குறைக்கும். எந்த நாளில் அடைப்பது என்பதில் மேலூருக்கும் கீழூருக்கும் ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தம் முறிந்த இடங்களில் வெட்டுக்குத்தும் வழக்கும் நடந்திருக்கின்றன.

மடையிலும் அதே நுணுக்கம் உண்டு. பாண்டிய நாட்டுக் குமிழித் தூம்பில் மேலே நீரோடித் துளை, கீழே சேறோடித் துளை என இரண்டு துளைகள். அடைப்புக் கல்லைத் தூக்கினால் மேல்துளையில் தெளிந்த நீரும் கீழ்த்துளையில் வண்டலும் ஒருசேர வெளியேறும். கண்மாய் தன்னைத் தானே ஓரளவு தூர்வாரிக்கொள்ளும், வயலுக்கு எருவும் சேரும். நீர் நிறைந்திருக்கும்போது உள்ளே மூழ்கி அந்தக் கல்லைத் தூக்கியவர் உயிரைப் பணயம் வைத்துத்தான் தூக்கினார்.

பயிர் முறையும் இதோடு பின்னியது. மழைக்கு முன்பே, ஆவணி புரட்டாசியில், காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்துவிடுவார்கள். விதை மழைக்காக மண்ணுக்குள் காத்திருக்கும். முதல் மழையில் முளைத்து, முதல் பாதி முழுவதும் மழையிலேயே வளர்ந்து, மார்கழி தை மாதங்களில் மழை நின்ற பிறகுதான் கண்மாய்த் தண்ணீர் கேட்கும். கண்மாய் இங்கே பயிரை முழுக்கச் சுமப்பதில்லை, கடைசிக் கட்டத்தில் கைகொடுக்கிறது. இதை உணராமல், காவிரிப் பாசனத்தை அளக்கும் அளவுகோலைக் கொண்டு ராமநாதபுரத்துக் கண்மாயை அளந்து, ‘ஒரு போகத்துக்குக்கூடப் போதாத கண்மாய்’ என்று எழுதிவைத்த அறிக்கைகளால் நேர்ந்த சேதம் சிறிதல்ல.

இந்த ஏற்பாட்டை யார் நடத்தினார்கள் என்ற கேள்வியில் ஆய்வாளர்கள் ஒரு கருத்தில் இல்லை. நம்மிடையே செல்வாக்குப் பெற்ற விடை, ஊர்கள் தாமே கூடி நடத்தின, வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான் என்பது. அதற்குச் சான்றாக உத்திரமேரூர்க் கல்வெட்டின் ஏரி வாரியத்தைக் காட்டுவார்கள். பத்தாம் நூற்றாண்டின் அந்தக் கல்வெட்டு, வாரியத்தில் இடம்பெற வரி கட்டும் நிலம் கால்வேலியாவது வேண்டும் என்று விதிப்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நிலமற்றவருக்கு அங்கே குரல் இல்லை. ராபர்ட் வேட் 1988இல் ‘வில்லேஜ் ரிபப்ளிக்ஸ்’ நூலில் ஆந்திரக் கிராமங்களை ஆராய்ந்து, பயிர் காயும் ஆபத்து மிகுந்த கடைமடை ஊர்களில்தான் கூட்டு ஏற்பாடு வலுவாக உருவாகிறது என்றார். டேவிட் மோஸ் 2003இல் வெளியிட்ட ‘தி ரூல் ஆஃப் வாட்டர்’ நம் சீமையைப் பற்றியே பேசுகிறது. கண்மாய்களை உருவாக்கியதும் காத்ததும் மறவர் குலத் தலைவர்களின் அதிகாரமும் கொடையும் கோயில் மரியாதையும் சார்ந்த ஓர் அரசியல் என்கிறார் அவர். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் வழக்கம் மேட்டுப் பகுதியான செவல் நிலத்து ஊர்களில் உறுதியாக இருந்ததையும், கீழே கரிசல் பகுதியில் அது தளர்ந்திருந்ததையும் அவர் எடுத்துக்காட்டுகிறார்.

மோஸின் வாதம் எனக்கு ஏற்புடையது. காரணம் நீர்ப்பாய்ச்சி. மடைக்குடும்பன், நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும் இந்த வேலையைப் பல ஊர்களில் தலித் குடும்பங்களே தலைமுறையாகச் செய்தன. எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்பது அவர் கையில் இருந்தது. தன் உறவினர் நிலமாயினும் முறை தவறித் திறக்க அவருக்கு உரிமை இல்லை. அறுவடையில் ஒவ்வொரு களத்திலும் அவருக்கு நெல் அளந்தார்கள், சில ஊர்களில் மானிய நிலமும் இருந்தது. அந்தப் பொறுப்போடு தீண்டாமையும் இழிவும் சேர்ந்தே வந்தன. அவருடைய பிள்ளைகள் அந்த வேலையை வேண்டாம் என்று சொல்லித் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போனதை ‘மரபு அழிந்தது’ என்று புலம்புவது அநியாயம். அந்த நியாயத்தை ஏற்றுக்கொண்டு, அவர் செய்துவந்த வேலையை மதிப்பான, சம்பளமுள்ள வேலையாக யாரும் மாற்றவில்லையே என்று கேட்பதுதான் சரி.

ஆங்கிலேயர் ஆட்சி 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து ஊரார் கூடி நீர்நிலைகளைப் பராமரிக்கும் குடிமராமத்தைத் தண்டனைக்குரிய கடமையாக்கியது. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபின் ராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்களின் கண்மாய்கள் அரசிடம் வந்தன. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித் துறைக்கும், குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் போயின. ஜமீன் காலத்திலும் மராமத்து சீராக நடக்கவில்லை. ஆனால் ஒரே தொடரில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கண்மாய்கள் இரண்டு துறைகளின் கோப்புகளில் சிக்கிக்கொண்டது புதிய கோளாறு. மேல் கண்மாயின் கலுங்கை உயர்த்த ஒரு பொறியாளர் மதிப்பீடு போடுவார். கீழ்க் கண்மாயைக் கவனிக்கும் அலுவலகத்துக்கு அது தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை.

பிறகு கிணறு வந்தது. 1960 வாக்கில் தமிழ்நாட்டில் ஏரிப் பாசனம் 9 லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்தது. இப்போது அதில் பாதியும் இல்லை. கிணறும் ஆழ்துளைக் கிணறும் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. 1984இல் சிறு விவசாயிகளுக்கும் அடுத்த சில ஆண்டுகளில் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. கிணறு வைத்திருப்பவருக்குத் தண்ணீர் வரும் நாளைத் தானே தீர்மானிக்கும் சுதந்திரம் கிடைத்தது. அந்தச் சுதந்திரத்தின் அருமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஆயக்கட்டில் பத்துப் பேர் கிணறு வெட்டிவிட்டால் அந்தப் பத்துப் பேருக்குக் கண்மாய்க் கூட்டத்துக்கு வர வேண்டிய தேவை போய்விடுகிறது. வசதியும் செல்வாக்கும் உள்ளவர்கள் விலகியபின் மிஞ்சுபவர்களால் வரத்துக்காலை மீட்க முடிவதில்லை. கண்மாயில் நீர் ஊறினால்தான் கிணறும் ஊறும் என்பது காலந்தாழ்ந்து தெரிகிறது. மேற்கு மாவட்டங்களில் ஆயிரம் அடி வரை துளைபோட்டுத் தண்ணீர் கிடைக்காமல் கடனில் மூழ்கியவர்களில் சிறு விவசாயிகளே அதிகம்.

ராமநாதபுரத்தின் பெரும்பகுதியில் இந்த வழியும் அடைபட்டது. நிலத்தடி நீர் உவர். குடிநீருக்கே ஊருணியில் மழைநீரைத் தேக்கிக் காப்பாற்றிய ஊர்கள் இவை. கண்மாய் பொய்த்தால் மாற்று இல்லை என்பதால்தான் மேற்பரப்பு நீரை எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வி இங்கே ஒளிந்துகொள்ள இடமின்றி நிற்கிறது.

கண்மாய்களைச் சீர்செய்ய முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1984 முதல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் உதவியோடு ஏரி நவீனமயம், 2000இல் விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டம், 2007 முதல் உலக வங்கிக் கடனில் நீர்வள நிலவளத் திட்டம், 2017இல் மீண்டும் குடிமராமத்து என்று பட்டியல் நீளம். மதுரையைச் சேர்ந்த தானம் அறக்கட்டளை 1990களிலிருந்து ‘வயலகம்’ என்ற பெயரில் கண்மாய் விவசாயிகளைச் சங்கங்களாகத் திரட்டிவருகிறது. கரைகள் பலப்பட்டன, மடைகளுக்கு ஷட்டர் வந்தது. இவற்றால் பயனே இல்லை என்பது நேர்மையல்ல. ஆனால் பணத்தின் பெரும்பகுதி தூர்வாருவதற்கும் கரைக்கும் போனது. அது சரியான இடமா என்று பார்க்க வேண்டும்.

மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அங்கே சேரும் நீர் மடை வழியே வயலுக்கு வராது. மாடு குடிக்கும், மீன் வளரும், நிலத்தில் ஊறும். பாசனத்துக்கு வேண்டுமானால் எஞ்சின் வைத்து இறைக்க வேண்டும். டீசலுக்குக் காசுள்ளவர் இறைப்பார். கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் ஆழமாகத் தோண்டினால் உப்பு ஊற்று மேலே வரும் ஆபத்தும் உண்டு. வண்டல் அள்ளும் அனுமதி எளிய விவசாயியின் வயலுக்குப் பெரும் உதவி, அதில் சந்தேகமில்லை. ஆனால் பத்தாண்டில் இரண்டு மூன்று முறைதான் நிறையும் கண்மாயின் கொள்ளளவைக் கூட்டுவதால் என்ன கிடைக்கும்? அதற்கு வேண்டியது வரத்து.

வரத்துக்கால் வழியே மேல்நோக்கி நடந்து பாருங்கள். கண்மாய்க்குள் நுழையும் இடத்தில் அது பத்தடி அகலம் இருக்கும். கொஞ்சம் தள்ளி இரு பக்க வயல்களும் ஆளுக்கு ஒரு முழமாக நெருங்கி வாய்க்காலைச் சுருக்கியிருக்கும். அடுத்து ஒரு தார்ச்சாலை. அதன் அடியில் உள்ள குழாய்ப் பாலம் வாய்க்கால் தரையைவிட ஒரு சாண் உயரத்தில் பதிக்கப்பட்டிருக்கும். அந்தச் சாண் அளவுக்கு நீர் தேங்கிய பிறகே மறுபக்கம் போகும். சிறு மழைநீர் போகவே போகாது. அதற்கு மேல் வேலிக்கருவைக் காடு, முள்ளுக்குள் வாய்க்கால் எது, மேடு எது என்று தெரியாது. இந்த மூன்று தடைகளில் கருவையை மட்டும் எதிரியாக்கிப் பேசுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிட்டபோது ஊரெங்கும் அதே பேச்சு. விளையாத ஆண்டுகளில் அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்துக் கூலிக் குடும்பங்கள் அடுப்பெரித்தன. கண்மாயிலும் வரத்துக்காலிலும் அதை வேரோடு எடுக்க வேண்டும். பட்டா நிலத்துக் கருவையைத் தொடும்முன் அந்தக் குடும்பங்களுக்கு வேறு வருமானம் வேண்டும். சாலைப் பாலத்தின் மட்டத்தைத் திருத்தவோ ஒரு சாணின் அளவு வேலை போதும், ஆனால் அது எந்தத் திட்டத்தின் பெயர்ப்பலகையிலும் இடம்பெறாத வேலை.

பண்ணைக்குட்டையின் கணக்கு வேறு. ஓர் ஏக்கருக்கு 50 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு தண்ணீர் பாய்ச்ச ஏறக்குறைய 200 கன மீட்டர் போதும். 600 கன மீட்டர் பிடிக்கும் குட்டை நிறைந்தால் மூன்று தண்ணீர் என்று தோன்றும். ஆவியாதலைக் கழிக்க வேண்டும். நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தாலும் அறுபது நாளில் 30 சென்டிமீட்டர் போய்விடும். கரிசலில் கசிவு குறைவு, செவலில் அதிகம். எப்படிப் பார்த்தாலும் ஒன்றோ இரண்டோ உயிர்த்தண்ணீர் தேறும். முண்டு மிளகாய்க்கு அது பெரிய விஷயம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய், பருவமழையில் வளர்ந்து, மழை நின்றபின் பூத்துக் காய்க்கிறது. தை மாசியில் ஆயில் எஞ்சினும் ஹோஸும் வைத்துக் கொடுக்கும் ஒரு தண்ணீர், இன்னும் சில பறிப்புகளுக்குச் செடியை நிறுத்திவைக்கும். கடைமடைக்காரருக்குத் தண்ணீரின் நாளைத் தன் கைக்குக் கொண்டுவரும் வழிகளில் எனக்குத் தெரிந்து மிக மலிவானது இதுதான். ஆனால் குட்டை நிலத்தை எடுத்துக்கொள்ளும். அரை ஏக்கர்க்காரர் அதில் பத்து சென்ட்டைக் குட்டைக்குக் கொடுக்கமாட்டார். குத்தகைக்கு உழுபவரால் தோண்டவே முடியாது. இரண்டு மூன்று பேருக்கு ஒரு பொதுக் குட்டை, குத்தகைதாரருக்கும் உரிமை என்ற விதி இல்லாமல் இது நடுத்தர விவசாயியின் திட்டமாகவே நின்றுவிடும். சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு சத மானியம் தரும் சொட்டுநீருக்கும் இதே கதிதான்: சொட்டுவதற்கு ஓர் ஊற்று முதலில் வேண்டும்.

பங்கீட்டை நேராகத் தொட்ட ஏற்பாடுகள் குறைவு. இருப்பவற்றை ஊன்றிப் பார்க்க வேண்டும். இலங்கையின் உலர்வலயக் குளங்களில் ‘பெத்ம’ என்றொரு வழக்கம் உண்டு. குளம் பாதிதான் நிறைந்த ஆண்டில் குளத்தை ஒட்டிய வயற்பரப்பை மட்டும் பயிரிடுவார்கள். அந்தப் பரப்பு அந்தப் போகத்துக்கு மட்டும் எல்லாப் பங்குதாரர்களுக்கும் தற்காலிகமாகப் பிரித்துக் கொடுக்கப்படும், கடைமடைக்காரருக்கும் தலைமடையில் ஒரு துண்டு கிடைக்கும். அங்குள்ள தொடர்க் குளங்கள் உலக வேளாண் பாரம்பரிய முறைகளில் ஒன்றாக 2017இல் ஏற்கப்பட்டன. மகாராஷ்டிரத்தில் 1972 பஞ்சத்துக்குப் பிறகு விலாஸ்ராவ் சாளுங்கே புரந்தர் வட்டத்தில் தொடங்கிய பானி பஞ்சாயத்து இன்னும் துணிச்சலானது. அங்கே தண்ணீர்ப் பங்கு நிலத்தின் அளவுக்கு அல்ல, குடும்பத்தின் தலைக்கணக்குக்கு. நிலமற்றவருக்கும் பங்கு உண்டு, கரும்புக்குத் தடை. இரண்டையும் அப்படியே இங்கே நட்டுவிட முடியாது. சாதிவாரியாக மடைகள் பிரிந்து கிடக்கும் ஊரில் தலைமடைக்காரர் தன் வயலில் இன்னொருவர் ஏர் பூட்டச் சம்மதிப்பாரா என்பதற்கு விடை எளிதல்ல. ஆயினும் கண்மாயில் நீர் பாதி என்று தெரிந்ததும், எத்தனை ஏக்கருக்கு நெல், எத்தனைக்குக் குதிரைவாலி, எத்தனைக்கு மிளகாய் என்று ஊர் கூடி முடிவெடுப்பது இயலாத காரியமல்ல. மகாராஷ்டிரத்தின் ஹிவ்ரே பஜார் ஊரில் ஆண்டுதோறும் கிராம சபையில் நீர் வரவுசெலவு போட்டுத்தான் பயிரைத் தீர்மானிக்கிறார்கள். இங்கே அப்படிக் கூடும் கூட்டத்தில் பெண்களும் குத்தகைதாரர்களும் உட்கார வேண்டும். ஆண்கள் வெளியூர் போய்விட்ட வீடுகளில் இரவில் மண்வெட்டியோடு வாய்க்காலுக்குப் போவது பெண்கள்தான், பட்டாவில் மட்டும்தான் அவர்கள் பெயர் இருப்பதில்லை.

வெளியிலிருந்து நீர் கொண்டுவரும் காவிரி – வைகை – குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஏறக்குறைய 260 கிலோமீட்டர்க் கால்வாய். காவிரியில் வெள்ள உபரி வரும் மாதங்களில் சில இங்கேயும் மழை பெய்யும் மாதங்கள்தான். ஆகவே அந்த நீரும் இதே கண்மாய்களில் தங்கி, இதே மடைகள் வழியாக, தை மாதத்தில் இதே கடைமடைக்குப் போய்ச் சேர வேண்டும்.

அதற்கு ஆள் வேண்டும். 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். அந்தக் குறைந்த கூலியைக் கொண்டே கணக்கிட்டாலும், புரட்டாசி முதல் மாசிக்குள் ஐந்து மாதம், நூற்றைம்பது நாள், ஒரு கண்மாய்க்கு ஒருவரை நியமிக்க 50,400 ரூபாய் ஆகும். நூறு ஏக்கர் ஆயக்கட்டுக்கு ஏக்கருக்கு 504 ரூபாய். வரத்துக்காலை மழைக்கு முன் நடந்து பார்ப்பது, கலுங்கை அடைக்கும் நாளைக் கீழூரோடு பேசி முடிப்பது, மடை திறந்த நாளையும் முறையையும் எல்லோரும் படிக்கும்படி எழுதிவைப்பது அவர் வேலை. சாதி பார்த்துத் தலையில் கட்டப்படாமல், கிராம சபையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆணோ பெண்ணோ அதைச் செய்ய வேண்டும். பாதியை ஆயக்கட்டுதாரர்களும் பாதியை அரசும் கொடுக்கலாம். ஒரு கண்மாயைத் தூர்வார மதிப்பீடு எழுதும் ஒவ்வொரு முறையும் இந்த ஒரு வரியையும் அதில் சேர்க்க வேண்டும்.